கழிக்க வைத்த மூன்று சாக்குகள்: எங்கள் ஊர் நூலகத்தில் என்ன செய்யலாம்?

வாவிக்கரை | சனி, இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். கல்முனைக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில் உள்ள ஒரு ஊர் நூலகத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்கள் என் அயலவர்கள். யாருக்கும் சிக்கல் வர எனக்கு விருப்பமில்லை.

போன கிழமை பேப்பர் பார்க்கப் போயிருந்தேன். உசாத்துணைப் பகுதிக்குப் பின்னால் ஒடுங்கிய நடை ஒன்று இருக்கிறது. அதில் மூன்று உரச் சாக்குகளை வாய் கட்டி வைத்திருந்தார்கள். ஒன்று கிழிந்து, உள்ளேயிருந்து மஞ்சள் அட்டை ஒன்று தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் எங்கள் கண்ணகி அம்மன் கோயில் கும்பாபிஷேக மலர். அதற்குக் கீழே ஒரு பாடசாலைப் பொன்விழா மலர். யாரோ ஒரு பெரியவரின் 31ஆம் நாள் நினைவு மலர். அதற்கும் கீழே ஒரு கோடு போட்ட கொப்பி, அது முழுக்க வடமோடிக் கூத்துப் பாட்டு, நீல மையில். கடைசிப் பக்கத்தில் யார் எந்த வேசம் கட்டினார்கள் என்று எழுதியிருந்தது. கட்டியகாரனுக்கு நேரே என் அப்பப்பாவின் பெயர்.

அவர் கூத்தாடியது எனக்குத் தெரியும். கட்டியகாரனாக ஆடினார் என்பது அன்றுதான் தெரியும்.

விசாரித்தேன். கழிக்க வைத்ததாம். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒருவரும் தொடவில்லை, கறையான் மற்றப் புத்தகங்களுக்கும் ஏறும், பிள்ளைகள் படிக்க இன்னும் இரண்டு மேசை போட வேண்டும் என்றார்கள். சொன்னவர் சாட்டுச் சொல்லவில்லை. இடம் உண்மையாகவே இல்லை.

ஆனால் எனக்கு மனது கேட்கவில்லை. கடையில் வாங்கிய நாவல் ஒன்று இங்கே போனால் கொழும்பில் இருக்கும், யாழ்ப்பாணத்தில் இருக்கும், சென்னையில் இருக்கும். இந்தக் கொப்பி இங்கே போனால் வேறு எங்கேயும் இல்லை. அப்படியானால் ஊர் நூலகம் முதலில் காப்பாற்ற வேண்டியது எதை? எனக்குப் பதில் தெளிவாக இருக்கிறது. உங்கள் அபிப்பிராயத்தையும் சொல்லுங்கள். நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் யாரும் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.


இறாக்கைக்காரி | சனி, இரவு 9.50

வாவிக்கரை அண்ணன், நான் வேறொரு உள்ளூராட்சி சபையின் நூலகத்தில் 19 வருடமாக இருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கோபிக்காமல் வாசியுங்கள்.

ஒரு புத்தகம் வந்தால் முதலில் சேர்வுப் பதிவேட்டில் ஏற வேண்டும். சேர்வு இலக்கம், விலை, எங்கே வாங்கியது, பற்றுச்சீட்டு, எல்லாம். ஏறிவிட்டால் அது சபையின் சொத்து. வருட இறுதிக் கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தாலும் எங்களிடம்தான் கேட்பார்கள். அதனால் பதிவேட்டில் உள்ள புத்தகத்தை யாரும் நினைத்தபடி எறிய முடியாது. பட்டியல் போட்டு, அனுமதி எடுத்து, பிறகுதான்.

கோயில் மலரும் நினைவு மலரும் அப்படி வருவதில்லை. யாரோ ஒருவர் வாசலில் வந்து, “பிள்ளை, இதை வைச்சுக் கொள்ளுங்கோ” என்று தந்துவிட்டுப் போவார். விலை இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. நாங்களும் மேசை லாச்சிக்குள் வைப்போம். பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் இல்லாததை எறிய யாருடைய அனுமதியும் தேவையில்லை. புதிதாக வருகிறவர் ஒரு நாள் பின்னேரம் துப்புரவாக்கினால் போய்விடும். உங்கள் மூன்று சாக்கும் இப்படித்தான் உருவாகியிருக்கும்.

இன்னொரு சிக்கல் எங்கே வைப்பது என்பது. நாங்கள் டூயி முறையில், அதாவது விசயத்துக்கு ஒரு இலக்கம் கொடுத்து, அடுக்குகிறோம். தமிழ் இலக்கியம் 894.811, இலங்கை வரலாறு 954.93. கும்பாபிஷேக மலரை 294.5இல், சமயத்துக்குள் போட்டால் தடித்த புத்தகங்களுக்கு நடுவில் நசிந்து காணாமல் போகும். நினைவு மலரை வாழ்க்கை வரலாறு என்று 920இல் போடலாம், ஆனால் தேடி வருகிறவருக்கு அது அங்கே இருப்பது தெரியாது. இவற்றுக்குத் தனி அலுமாரி வேண்டும். நான் எங்கள் இடத்தில் ‘ஊர்ச் சேகரம்’ என்று ஒன்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரேயொரு தட்டுத்தான், ஆனாலும் இருக்கிறது.

படிக்கும்போது எங்களுக்கு இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைச் சொல்லித் தந்தார்கள். 1931இல் எழுதியவை. அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். பன்னிரண்டு வருடம் தொடாத கொப்பிக்கு வாசகர் யார் என்று கேட்டால், போன கிழமை நீங்கள் வந்தீர்களே. (ரங்கநாதன் பிறந்த ஆண்டு 1892. காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்ததும் அதே ஆண்டு. எனக்கு இது எப்போதும் சந்தோசம் தருகிற பொருத்தம்.)


உயர்தரம்26 | ஞாயிறு, காலை 6.30

யாரும் கோபப்பட வேண்டாம். நான் மேசை பக்கம்தான்.

எங்கள் வீட்டில் ஆறு பேர், அறை இரண்டு. டிவி ஓடும், தம்பி அழுவான். நான் படிக்கிற இடம் நூலகம் மட்டும்தான். பாடசாலை விட்டு வந்தால் கதிரை பிடிக்க ஓட வேண்டும். பிந்தினால் பெஞ்சில் மடியில் வைத்து எழுத வேண்டும். இரசாயனவியல் கடந்தகால வினாத்தாள் கட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதற்கும் வரிசை.

பழைய மலர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடம் இல்லை என்றால் உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுங்கள்.


வாவிக்கரை | ஞாயிறு, காலை 8.05

தம்பியோ தங்கச்சியோ தெரியாது, நீங்கள் சொன்னது நியாயம். இதில் கோபிக்க எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: மூன்று சாக்கில் இருப்பதை நிமிர்த்தி அடுக்கினால் ஒரு அலுமாரியின் இரண்டு தட்டு. மேசைக்கும் அதற்கும் போட்டியே இல்லை. போட்டி இருப்பதுபோல் தெரிவது சாக்கில் குவித்து வைத்ததால்.


மருதமுனைத் தறி | ஞாயிறு, காலை 10.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

வாப்பாவின் வாப்பா தறி நெய்தவர். சாரன், சேலை இரண்டும் நெய்வார். எங்கள் வீடு கடலில் இருந்து நடந்து போகிற தூரம். 2004 டிசம்பர் 26இல் வீட்டுச் சுவரே மிஞ்சவில்லை, பிறகு கடதாசி எங்கே மிஞ்சும்? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம், எல்லாம் போனது. பாதையில் கிடந்த சேற்றில் யாருடையதோ படங்களைப் பொறுக்கி வேலியில் காயப் போட்டிருந்தார்கள். முகம் கரைந்து வெறும் சட்டை மட்டும் தெரிந்த படங்கள். அது என் கண்ணை விட்டுப் போகாது.

சில வருடம் கழித்து, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊரின் நூலகத்தில் பழைய பாடசாலை மலர் ஒன்றைப் புரட்டினேன். காற்பந்துக் குழுப் படம். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள், காது இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டு, என் வாப்பா. பதினாறு வயது இருக்கும். இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் அவருடைய சின்ன வயதுப் படம் அது ஒன்றுதான். போட்டோ கொப்பி எடுத்து உம்மாவிடம் கொடுத்தேன். உம்மா அதைக் குர்ஆன் வைக்கிற அலுமாரிக்குள் வைத்திருக்கிறா.

அந்த மலரை யாரும் பத்து வருடம் எடுத்திருக்க மாட்டார்கள். அது அங்கே இருந்தது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வாவிக்கரை காக்கா, சாக்கை விடாதீர்கள்.


தூரத்துத் தென்னை | ஞாயிறு, பிற்பகல் 2.00

நான் இப்போது வெளிநாட்டில். பிறந்தது மட்டக்களப்பில். எனக்கு 58 வயது.

1978 நவம்பர் 23 சூறாவளி அடித்தபோது நான் சின்னப் பையன். விடிந்து பார்த்தால் தென்னைகள் ஒரே பக்கமாகச் சரிந்து கிடந்தன, வானம் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. எங்கள் வாசிகசாலைக்கு ஓடு இல்லை. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர்.

அந்தக் காலத்து வாசிகசாலை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சனசமூக நிலையத்தின் ஒற்றை அறை. நடுவில் சரிவான பேப்பர் மேசை, வீரகேசரியும் தினகரனும் மரச் சட்டத்தில் பூட்டியிருக்கும். எழுத்துத் தெரியாதவர்களும் வருவார்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க, வாசலில் குந்தியிருந்து கேட்பார்கள். நெல் விலை சொல்லும் இடம் வந்தால் “திருப்பி வாசி மகன்” என்பார்கள். என் வாசிப்பு அங்கேதான் சரளமானது. வகுப்பில் இல்லை.

சூறாவளிக்குப் பிறகு எங்கள் வாத்தியார் ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். நனைந்த புத்தகங்களை வெயிலில் போடாதே என்றார். நிழலில் நிமிர்த்தி வைத்து, இடையிடையே பழைய பேப்பர் செருகி, நனைந்ததும் மாற்றச் சொன்னார். ஒவ்வொரு நாளும் மூன்று தடவை மாற்றினோம். வீட்டில் சோறு இல்லை, நிவாரண மாவு. அந்த நிலையிலும் அவர் புத்தகம் காயவைத்தார். அன்று எனக்கு விளங்கவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தன. விரித்தால் வாழைச் சருகுபோல் சத்தம் போடும், ஆனால் வாசிக்கலாம்.

1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போனது என்று கேட்டு அதே வாத்தியார் வகுப்பில் அழுதார். அவர் இன்று இல்லை. அவர் இருந்திருந்தால் உங்கள் நூலகத்து நடையில் போய் நின்றிருப்பார்.

பணம் தேவையென்றால் சொல்லுங்கள். ஒரு இரும்பு அலுமாரிக்கு நான் பொறுப்பு.


பாதைத்துறை | ஞாயிறு, இரவு 7.45

படுவான்கரையில் இருந்து, வாவிக்கு மேற்கே இருந்து, ஒரு குரல்.

நீங்கள் எல்லாரும் எழுவான்கரை, கடல் பக்கத்து, நூலகங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு நூலகம் என்பது வாவியைக் கடந்து போகிற விசயம். மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான். அதற்கு முன் பாதையில்தான் கடக்க வேண்டும். (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் இங்கே வாவியில் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை.) வாடைக் காற்று அடித்தால் பாதை ஓடாது. புத்தகம் எடுத்துவிட்டு இரண்டு கிழமை கடக்க முடியாமல் இருந்தால் தண்டப்பணம் ஏறும்.

அதைவிடப் பெரிய கரைச்சல் பிணைகாரர். அங்கத்துவப் படிவத்தில் அந்தச் சபை எல்லைக்குள் இருக்கிற ஒருவர் கையொப்பம் வைக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கு அங்கே யார்? ஒரு ஆசிரியை தன் அட்டையில் எங்களுக்கு எடுத்துத் தந்தா. ஒரு அட்டை, ஏழு பிள்ளைகள். திகதி முத்திரை குத்திய தாளைப் பார்த்து யார் எந்த நாளில் வாசிப்பது என்று முறை வைத்தோம். ஷொப்பிங் பையில் இரண்டு மடிப்பு சுற்றி, முடிச்சுப் போட்டு, பாதையில் மடிக்குள் வைத்துக்கொண்டு வருவோம். ஒரு புத்தகமும் நனைந்ததில்லை.

பிறகு 2007இல் எங்கள் பக்கம் முழுக்க இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விட்டுவிட்டு வந்த ஏடுகள், கொப்பிகள் எத்தனை என்று கணக்கில்லை. வைகாசியில் கண்ணகி வழக்குரை பாடுகிற ஐயாமாரிடம் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. சில திரும்பி வந்தபோது இல்லை.

ஆகவே என் கோரிக்கை: ஊர்ச் சேகரம் தொடங்கினால் அக்கரை ஊர்களின் கடதாசிக்கும் இடம் கொடுங்கள். எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் பூட்டு மட்டும்தான் இருக்கிறது.


சுருக்கமாக | திங்கள், காலை 9.10

ஏன் இவ்வளவு பாடு? கைபேசியில் படம் எடுத்துப் போட்டால் முடிந்தது. பிறகு கடதாசி எதற்கு?


மின்வருடி | திங்கள், இரவு 8.30

‘சுருக்கமாக’ அண்ணன், நான் சில வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் சொல்கிறேன். படம் எடுப்பது கட்டாயம். ஆனால் கடதாசியை எறியாதீர்கள். நான் எடுத்த முதல் தொகுதியில் பாதிக்கு ஓரம் வெட்டுப்பட்டிருந்தது, எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. மூலம் இருந்தபடியால் திரும்ப எடுத்தேன். அதோடு வன்தட்டு ஒரு நாள் திறக்காது. கடதாசி மஞ்சளானாலும் திறக்கும்.

வாவிக்கரை சேர், சாக்கைத் திறந்ததும் செய்ய வேண்டியவை:

முதலில் கம்பி. மலர்களின் நடுவில் அடித்திருக்கிற கம்பி எங்கள் கடற்காற்றில் துருப்பிடித்துவிடும். துரு கடதாசியை அரித்து நடுத் தாள் கழன்றுவிடும். இழுக்காதீர்கள். பின்பக்கம் வளைந்த நுனியை மெதுவாக நிமிர்த்திக் கழற்றி, அதே ஓட்டை வழியாகப் பருத்தி நூலால் ஒரு தையல் போடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே வேண்டாம். சில வருடத்தில் அது காய்ந்து பிரியும், பசை மட்டும் பழுப்பாகத் தங்கி எழுத்தை மூடும். லாமினேற் பண்ணுவதும் அப்படித்தான், அன்பாகச் செய்கிற அழிவு.

கறையான் உள்ளதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். நல்லதோடு ஒரு இரவுகூடச் சேர்த்து வைக்காதீர்கள். அலுமாரியைச் சுவரில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அடுத்தது பட்டியல். இதுதான் மிக முக்கியம், யாருக்கும் பொறுமை இல்லாததும் இதுதான். தலைப்பு, ஊர், ஆண்டு, அச்சகம், பக்க எண்ணிக்கை, யார் தந்தது. அச்சகத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருந்து மூடிப்போன எத்தனையோ அச்சகங்களின் பெயர் இந்த மலர்களின் கடைசி அட்டையில்தான் இருக்கிறது.

மின்வருடல் முடிந்தால் ‘நூலகம்’ நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். 2005இல் தொடங்கிய மின்னூலகம், இலங்கைத் தமிழ் மலர்கள், சஞ்சிகைகள் ஏராளமாக அங்கே திறந்து கிடக்கின்றன. ஆனால் உரிமையைக் கவனியுங்கள். எங்கள் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. கோயில் சபையிடமும் குடும்பத்திடமும் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோசமாகத் தருவார்கள், கேட்காமல் போட்டால் மனம் நோகும்.


இறாக்கைக்காரி | திங்கள், இரவு 9.40

மின்வருடி தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஊர்க் கடதாசியால் என்ன பயன் என்று சபையில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் ‘மட்டக்களப்பு மான்மியம்’ பதிப்பித்தது ஏட்டுப் பிரதிகளை வைத்து. பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதியபோது கூத்து, காவியம், கவி, சடங்கு என்று ஊரூராகக் கிடந்ததைத்தான் எடுத்தார். இன்று எங்களிடம் வருகிற பல்கலைக்கழகப் பிள்ளைகள் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான். அன்றைக்கு அந்த ஏட்டை யாரோ ஒரு வீட்டுக்காரர் அடுப்பில் வைக்காமல் விட்டிருக்கிறார்.

வாவிக்கரை அண்ணன், நூலகரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கடிதத்தோடு போங்கள். சபைச் செயலாளருக்கு எழுதி, பிரதி நூலகருக்கு. “அன்பளிப்பாகப் பதிவேட்டில் ஏற்றித் தனிச் சேகரமாக வைக்கவும், அலுமாரி நாங்கள் தருகிறோம்” என்று கேளுங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதம் ஏதாவது செய்து காட்ட வேண்டிய தேவை எங்களுக்கும் இருக்கிறது. கண்காட்சி என்றால் உடனே சம்மதிப்பார்கள்.

பாதைத்துறை, பிணைகாரர் விசயத்தில் நீங்கள் சொன்னது முழு உண்மை. நானே எத்தனையோ பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதி என்று சொல்லித்தான் அனுப்பினேன். இப்போது பாடசாலை அதிபரின் கையொப்பம் இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம். அன்று வந்த முகங்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.


பாதைத்துறை | திங்கள், இரவு 10.05

அக்கா, நீங்கள் எழுதியதே போதும். எங்களுக்கு அட்டையைத் தந்தவவும் ஒரு அக்காதான்.


வாவிக்கரை | அடுத்த ஞாயிறு, இரவு 7.30

ஒரு கிழமையாக வர முடியவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

கடிதத்தோடு போனேன். நூலகர் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நான் வந்தபோது இந்தக் கட்டுகள் மழைத் தண்ணீரில் கிடந்தன, சாக்கில் போட்டுத் தூக்கி வைத்ததே நான்தான்” என்றார். நான் போன கிழமை மனதுக்குள் அவரைக் குறை நினைத்திருந்தேன். அது பிழை. சாக்கில் போட்டபடியால்தான் இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது.

இரண்டு தட்டுத் தருகிறார். தூரத்துத் தென்னை அண்ணனின் அலுமாரி வந்ததும் அதற்கு மாற்றுவோம். உயர்தரம்26, மேசை இரண்டும் அந்த நடைக்குப் பக்கத்திலேயே போடுகிறார்கள், சாக்கு போனதும் இடம் வந்துவிட்டது.

மொத்தம் 118 துண்டு. கோயில் மலர் 31, பள்ளிவாசல் திறப்பு மலர் 4, பாடசாலை மலர் 22, நினைவு மலர் 40, கூட்டுறவுச் சங்க அறிக்கை, விளையாட்டுக் கழகக் கணக்குக் கொப்பி என்று மிச்சம். ஒன்பதைக் காப்பாற்ற முடியவில்லை. கையில் எடுத்ததும் மண்ணாக உதிர்ந்தன. அட்டை மட்டும் மிஞ்சியதைப் படம் எடுத்தேன். என்ன இருந்தது என்றாவது தெரியட்டும்.

கூத்துக் கொப்பியை நூலகரின் அனுமதியோடு ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மாமிக்கு, அப்பாவின் தங்கைக்கு, 81 வயது. கண் சரியாகத் தெரியாது. கட்டியகாரன் வரவுப் பாட்டின் முதல் வரியை நான் வாசித்தேன். மாமி அடுத்த வரியைப் பாடினா. குரல் நடுங்கினாலும் தாளம் பிசகவில்லை, கதிரைக் கையில் தட்டிக்கொண்டே பாடினா. கொப்பியைப் பார்த்தால் அந்த இரண்டாம் வரி இருந்த இடம் கறையான் தின்ற ஓட்டை. திரும்பப் பாடச் சொல்லி, தனித் தாளில் பென்சிலால் எழுதி, அந்தப் பக்கத்துக்குள் வைத்தேன். இன்னும் ஆறு இடத்தில் ஓட்டை இருக்கிறது. நாளைக்கும் மாமியிடம் போகிறேன்.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கம்பி கழற்றித் தைக்கிற வேலை. மின்வருடி தம்பி வருகிறார். பருத்தி நூல், மெல்லிய ஊசி, பழைய வெள்ளைத் துணி இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள். பாதைத்துறை, உங்கள் ஊர் ஐயாமாரிடம் மிஞ்சிய பிரதிகளைத் தரச் சொல்ல வேண்டாம். அவர்களையே கூட்டி வாருங்கள், அவர்கள் கையில் வைத்திருக்கும்போதே படம் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புவோம்.


உயர்தரம்26 | அடுத்த ஞாயிறு, இரவு 8.10

சேர், எனக்கு ரியூசன் 11 மணிக்குத்தான். 9இல் இருந்து 10.30 வரை நிற்பேன். என் கையெழுத்து வடிவு என்று எல்லாரும் சொல்வார்கள். பட்டியலை நான் எழுதுகிறேன். அம்மம்மா தைக்கிற பெட்டியையும் தரச் சம்மதம்.